கசிந்த போர்க் காணொளியை ஆராய எந்த மென்பொருள்? ஐந்து இலவசக் கருவிகள், ஒரு பக்தாத் காலை

2007 ஜூலை 12 காலை பக்தாத்தில் ஓர் அமெரிக்க அப்பாச்சி ஹெலிகாப்டரின் துப்பாக்கிக் கேமரா பதிந்த காட்சியை, 2010 ஏப்ரல் 5 அன்று விக்கிலீக்ஸ் வெளியிட்டது. ராய்ட்டர்ஸ் புகைப்படக்காரர் நமீர் நூர் எல்தீனும் அவரோடு வேலை பார்த்த சயீத் ச்மாகும் அதில் சாகிறார்கள். அடிபட்டுக் கிடந்த சயீதைத் தூக்கிப்போக வந்த வேனை ஓட்டியவரும் சாகிறார். வேனுக்குள் இருந்த அவருடைய குழந்தைகள் இருவர் படுகாயத்தோடு பிழைக்கிறார்கள்.

தருமபுரி அரசு சட்டக் கல்லூரி மாணவர்களோ கிருஷ்ணகிரியில் வாசகர் வட்டம் நடத்துகிறவர்களோ இந்தப் பதிவை எடுத்துவைத்துப் பேச உட்கார்ந்தால், ஐந்து நிமிடத்தில் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். ராணுவத்தில் ஆள் இருக்கும் வீடுகள் இந்தப் பக்கம் குறைவில்லை. முள்ளிவாய்க்காலில் உறவைப் பறிகொடுத்து இங்கே முகாமில் வாழ்கிற குடும்பங்களும் இருக்கின்றன. இரு தரப்பும் பார்த்திருப்பது பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் வந்த இரண்டு நிமிடத் துண்டு. முழுப் பதிவை ஒழுங்காகப் பார்க்கக் காசு கொடுத்து வாங்கவேண்டிய கருவி எதுவும் இல்லை. பிரவுசிங் சென்டரில் இருக்கிற 4 ஜிபி கணினியே போதும். ஆனால் ஒவ்வொரு மென்பொருளும் ஓர் இடத்தில் கண்ணைத் திறக்கிறது, இன்னோர் இடத்தில் ஏமாற்றுகிறது. ஏமாற்றும் இடம்தான் இந்த மதிப்பீட்டுக்கு முக்கியம். ஏனென்றால் கடைசியில் தீர்ப்பு ஒரு மனிதன்மேல் போய் விழுகிறது.

கருவிக்கு முன்னால் கோப்பு. இந்தப் பதிவு இரண்டு நீளத்தில் உலவுகிறது: சுமார் 39 நிமிடம், சுமார் 17 நிமிடம். 17 நிமிடப் பதிப்பு தொகுக்கப்பட்டது. ‘கொலை’ என்ற சொல் அதன் தலைப்பிலேயே இருக்கிறது. பத்திரிகையாளர்கள் யார் என்று அம்புக்குறி போட்டுப் பெயரோடு காட்டுகிறது. அதே கூட்டத்தில் ஆயுதம் வைத்திருப்பதாகத் தெரிகிற ஆட்களுக்கு அம்புக்குறி இல்லை. பிறகு ஒரு கட்டடத்தின்மேல் ஹெல்ஃபயர் ஏவுகணை வீசும் பகுதியும் அதில் இல்லை. எனவே நீளமானதைத்தான் எடுக்கவேண்டும். இறக்கியதும் ஷா-256 கைரேகை எண்ணை எடுத்து நோட்டில் எழுதிவையுங்கள். விண்டோஸிலேயே அதற்கு வசதி உண்டு, தனியாக ஒன்றும் நிறுவவேண்டாம். நாலு பேர் ஆராய்ந்தால் நாலு பேரிடமும் அதே எண் வரவேண்டும். வராவிட்டால் பார்ப்பது வேறு வேறு பிரதி. வாட்ஸ்அப்பில் அனுப்பித்தான் ஆகவேண்டும் என்றால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். வீடியோவாக அனுப்பினால் அது அமுக்கி மறுபடி எழுதிவிடும், நிழலும் விளிம்பும் கரைந்துபோகும், கோப்போடு வந்த தகவல்களும் போய்விடும்.

எம்பிவி: முதலிடம்

காணொளியை ஓட்டிப் பார்க்கும் மென்பொருள் (mpv). பார்க்கச் சாதாரணமாக இருக்கும், பொத்தான்கூட அதிகம் கிடையாது. ஆனால் இந்த வேலைக்கு இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. முற்றுப்புள்ளி விசை ஒரு சட்டகம் (ஃப்ரேம்) முன்னே நகர்த்தும், காற்புள்ளி விசை ஒரு சட்டகம் பின்னே இழுக்கும். வினாடிக்கு 29.97 சட்டகம் ஓடும் அமெரிக்க வகைப் பதிவில் ஒரு சட்டகம் ஏறக்குறைய 33 மில்லிவினாடி. தோளில் தொங்குவது கேமராவா வேறா என்று பார்க்க இது வேண்டும். பின்னே இழுப்பது பழைய கணினியில் மெதுவாகத்தான் நடக்கும். விசையை அடுக்கடுக்காகத் தட்டாமல், ஒன்று முடிந்ததும் அடுத்ததைத் தட்டுங்கள்.

விஎல்சி எல்லாருடைய கணினியிலும் இருக்கும். அதன் 3ஆம் பதிப்பில் ‘இ’ (E) விசையால் முன்னே மட்டும்தான் நகரமுடியும். ஒரு சட்டகம் தாண்டிவிட்டால் பின்னால் போய் மறுபடி ஓட்டவேண்டும். படம் பார்க்க நல்லது, ஆராய ஆகாது. இதற்குமேல் அதைப்பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

எம்பிவியில் ஏமாறும் இடம் அதன் வேகக் குறைப்பு. இடது சதுர அடைப்பு விசையைத் தட்டத் தட்ட ஓட்டம் மெதுவாகும். மெதுவாக ஓட்டினால் உண்மை தெளியும் என்றுதான் நாம் நினைக்கிறோம். 2016இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வந்த ஓர் ஆய்வு இதைச் சோதித்தது. ஒரே வன்முறைக் காட்சியை மெதுவாகப் பார்த்தவர்கள், இயல்பு வேகத்தில் பார்த்தவர்களைவிட, ‘வேண்டுமென்றே செய்தான்’ என்று சொல்லச் சாய்ந்தார்கள். செய்தவனுக்கு யோசிக்க நேரம் இருந்தது என்ற பிரமையை மெதுவேகம் உண்டாக்குகிறது. உண்மையில் எத்தனை வினாடி ஆனது என்று திரையில் காட்டினாலும் அந்தச் சாய்வு முழுக்கப் போகவில்லை. ஆகவே ஒரு கட்டுப்பாடு: *பொருளை* அடையாளம் காண மட்டும் சட்டகம் சட்டகமாகப் பாருங்கள், *எண்ணத்தை* எடைபோட இயல்பு வேகம் மட்டும். நிறுத்திய படத்தில் வேனுக்குள் சின்ன உருவம் தெரிகிறது என்பது சரி. பறந்துகொண்டே சிறு திரையில் பார்த்த ஆளுக்கு அது தெரிந்ததா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுதும்போதுதான் தப்பு நுழைகிறது.

பார்க்கும் வரிசையும் முக்கியம். முதல் முறை ஒலியை அடைத்துவிட்டு (‘எம்’ விசை), இயல்பு வேகத்தில், திரையின் கீழ்ப்பகுதியை ஒரு காகிதப் பட்டையால் மறைத்துப் பாருங்கள். காட்சியோடு சேர்த்தே பதிந்துவிட்ட எழுத்துவரிகளை (சப்டைட்டில்) மென்பொருளால் அணைக்கமுடியாது, காகிதத்தால் மறைக்கலாம். கண்ணில் பட்டதை மட்டும் எழுதுங்கள்: ‘நீளமான பொருள்’, ‘மூலையிலிருந்து எட்டிப் பார்க்கிறார்’. இரண்டாம் முறைதான் ஒலியோடு. விமானிகள் ஒரு பொருளுக்கு ஆயுதத்தின் பெயரைச் சொல்லிவிட்டால் அதற்கப்புறம் கண்ணுக்கு ஆயுதம்தான் தெரியும். எழுத்துவரி ‘கேமரா’ என்று சொல்லிவிட்டால் கேமராதான் தெரியும். அன்று நமீர் மூலைச்சுவருக்குப் பின்னாலிருந்து நீண்ட லென்ஸோடு எட்டிப் பார்த்ததை, ராக்கெட் ஏவியைக் குறிவைப்பதாக விமானிகள் எடுத்துக்கொண்டார்கள். முதல் பார்வையில் எழுதிய தாள் கையில் இருந்தால்தான், அந்தத் தப்பு எவ்வளவு இயல்பானது, எவ்வளவு அவசரமானது என்று அளக்கமுடியும்.

ஒலியில் இன்னொரு செய்தி இருக்கிறது. சுடும் சத்தத்துக்கும் தரையில் புழுதி எழும்புவதற்கும் இடையே உள்ள சட்டகங்களை எண்ணுங்கள். அப்பாச்சியின் 30 மி.மீ. துப்பாக்கியின் குண்டு வினாடிக்குச் சுமார் 800 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது, போகப்போக வேகம் குறையும். இடைவெளி இரண்டு வினாடி என்றால் தூரம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். அந்தத் துப்பாக்கி நிமிடத்துக்கு ஏறக்குறைய 625 குண்டு தள்ளும், அதாவது வினாடிக்குப் பத்து. முதல் குண்டு விழுந்ததைப் பார்க்கும் முன்பே இருபது குண்டு வெளியே போயிருக்கும். ‘கீழே விழுந்த பிறகும் சுட்டார்களே’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் முன் இந்தக் கணக்கைப் போடவேண்டும். அதே கணக்கு இன்னொன்றையும் சொல்லும்: ஒரு தொடர் சூடு முடிந்து, பார்த்து, பேசி, மறுபடி தொடங்கிய சூட்டுக்கு இந்தச் சாக்கு பொருந்தாது.

மீடியாஇன்ஃபோ: அவசியம், ஆனால் சாட்சி அல்ல

கோப்பு எந்த நாளில், எந்த முறையில் எழுதப்பட்டது என்பதை ஒரு பக்கத்தில் காட்டும். அங்கே ஒரு தேதி தெரிந்ததும் ‘பிடித்துவிட்டோம்’ என்று குதிக்கிறவர்கள் அதிகம். நமக்கு நெருக்கமான ஒரு பாடம் இருக்கிறது. இலங்கையில் கைகள் கட்டப்பட்ட ஆட்களைச் சுட்டுக்கொல்லும் கைப்பேசிப் பதிவைச் சேனல் 4 தொலைக்காட்சி 2009 ஆகஸ்டில் ஒளிபரப்பியது. இலங்கை அரசு அது போலி என்றது. ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் மூன்று வல்லுநர்களிடம் கொடுத்தார்: துப்பாக்கிச் சான்று அறிந்தவர் ஒருவர், தடயவியல் மருத்துவர் ஒருவர், காணொளி ஆய்வாளர் ஒருவர். 2010 ஜனவரியில் வந்த முடிவு, பதிவு உண்மையானது என்பதே. அதே அறிக்கை, விளக்கம் கிடைக்காதவற்றையும் ஒளிக்காமல் சொன்னது. கோப்பில் பதிந்திருந்த தேதி 2009 ஜூலை 17. போர் முடிந்ததோ மே மாதம். கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்த 17 சட்டகங்களுக்கும் காரணம் தெரியவில்லை. தேதி ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தால் மொத்தத்தையும் போலி என்று தள்ளியிருப்பார்கள். குண்டு பட்ட உடல் எப்படி அசைகிறது, துப்பாக்கி எப்படிப் பின்னே உதைக்கிறது என்று பார்த்ததால்தான் உண்மை நின்றது. கைப்பேசிக் கடிகாரத்தை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். எனவே மீடியாஇன்ஃபோ சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள், அதன்மேல் கட்டடம் கட்டாதீர்கள்.

இன்விட்: இந்த வேலைக்கு அரைக் கருவி

குரோமில் சேர்க்கும் நீட்டிப்பு. பழைய காட்சியைப் புதுப் போர் என்று பரப்பும் பொய்யைப் பிடிப்பதில் கில்லாடி. முக்கியச் சட்டகங்களைப் பிரித்து, படத்தை வைத்துத் தேட உதவும். துப்பாக்கிக் கேமராப் பதிவு பெரும்பாலும் வெட்டே இல்லாமல் ஒரே ஓட்டமாக இருப்பதால் அது பிரித்துத் தரும் சட்டகங்கள் ஒன்றுக்கொன்று வித்தியாசம் இல்லாமல் வரும். இன்னொரு எச்சரிக்கை, அதில் உள்ள தடயவியல் வடிகட்டிகள். அவை ஒளிப்படத்துக்குச் செய்தவை. அமுக்கப்பட்ட காணொளியிலிருந்து எடுத்த சட்டகத்தில் போட்டால் விளிம்பெல்லாம் பளிச்சென்று மின்னும். அதைப் பார்த்து ‘இங்கே ஒட்டு வேலை’ என்று சொல்லிவிடுவார்கள். மின்னுவது அமுக்கத்தின் தடம்தான்.

சன்கால்க், கூகுள் எர்த் ப்ரோ

நிழலை வைத்து நேரத்தைச் சரிபார்க்கிற வேலைக்குச் சன்கால்க் இணையதளம். ஊரில் பழகுங்கள், ஆனால் நம் ஊர் நிழலை நம்பி பக்தாத்தை எடைபோடாதீர்கள். தருமபுரி ஏறக்குறைய 12 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஏப்ரல் 22 வாக்கில் உச்சிவேளைச் சூரியன் நேர் தலைக்கு மேலே, நிழல் காலடியில். அங்கிருந்து ஆகஸ்ட் 21 வரை நடுப்பகல் நிழல் தெற்கே விழும். உச்சிவேளையும் 12 மணிக்கு வராது, ஏறக்குறைய 12:17ஐ ஒட்டி வரும். பக்தாத் 33 பாகையில். அங்கே நடுப்பகல் நிழல் ஆண்டு முழுக்க வடக்கேதான்.

அதிகம் பேர் இடறுவது நேர மண்டலத்தில். ராணுவப் பதிவுகள் பல கிரீன்விச் நேரத்தில் ஓடும். ஈராக் இன்று அதைவிட 3 மணி நேரம் முன்னால். ஆனால் 2007 ஜூலையில் அங்கே கோடைக்கால நேரம் நடப்பில் இருந்தது, அதாவது 4 மணி. அதற்கு அடுத்த ஆண்டு கைவிட்டுவிட்டார்கள். அன்று உள்ளூர் நேரம் காலை 10:20 என்று வைத்துக்கொண்டால், சரியான கணக்கில் சூரியன் 51 பாகை உயரத்தில், ஏறக்குறைய நேர் கிழக்கே. 170 செ.மீ. ஆளின் நிழல் 136 செ.மீ. தப்பாக 3 மணி என்று போட்டால் சூரியன் 64 பாகைக்கு ஏறிவிடும், நிழல் 84 செ.மீ. ஆகிவிடும். படத்தில் நிழல் நீளமாகத் தெரியும், ‘நேரத்தைத் திருத்தியிருக்கிறார்கள்’ என்று ஒரு வீண் சந்தேகம் கிளம்பும். கிரீன்விச் நேரத்தை நேரடியாகக் கொடுத்துக் கணக்கிடுவதே நல்லது. வெப்பக் கேமராப் பதிவு என்றால் நிழலை நம்பவே வேண்டாம். நின்ற வண்டி போன பின்னும் அதன் ‘குளிர் நிழல்’ தரையில் கொஞ்ச நேரம் இருக்கும்.

கூகுள் எர்த் ப்ரோவில் கடிகாரப் படத்தை அழுத்தினால் பழைய செயற்கைக்கோள் படங்கள் வரும். சம்பவம் நடந்த ஆண்டுக்கு அருகில் உள்ள படத்தையே எடுக்கவேண்டும், போருக்குப் பின் தெருவே மாறியிருக்கும். அளவுகோலால் கூட்டம் நின்ற இடத்துக்கும் தரைப்படை இருந்த இடத்துக்கும் தூரம் எடுங்கள். ஹெலிகாப்டர் வட்டமடித்தபோது வீடுகள் நடுவில் வந்து பார்வையை மறைத்த நேரத்தையும் வரைபடத்தில் குறியுங்கள். அந்த மறைவு நேரத்தில் கீழே என்ன நடந்தது என்பது சுட்டவர்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. 4 ஜிபி கணினியில் முப்பரிமாணக் கட்டடங்களை அணைத்துவிட்டு ஓட்டுங்கள், இல்லையென்றால் திக்கும்.

எந்த மென்பொருளும் தராத பகுதி

லாங் சைஸ் நோட்டில் நெடுக்குக் கோடு போட்டு ஐந்து பத்தியாகப் பிரியுங்கள்: நேரம், படத்தில் தெரிவது, அவர்கள் பேசியது, அப்போது அவர்களுக்குத் தெரியக்கூடியது, நமக்குப் பின்னால் தெரிந்தது. கடைசிப் பத்தியில் உள்ள எதையும் தீர்ப்புக்கு எடுக்கக்கூடாது. இது சட்டத்தில் பழைய அளவுகோல். ஜெர்மன் தளபதி ரெண்டுலிச் வட நார்வேயை எரித்து அழித்த குற்றச்சாட்டில், 1948இல் நூரம்பர்க் தீர்ப்பாயம், அப்போது அவருக்குத் தெரிந்ததை வைத்தே எடைபோட்டு அந்த ஒன்றிலிருந்து மட்டும் விடுவித்தது. மற்றக் குற்றங்களுக்குத் தண்டித்தது.

அதே பழக்கத்தை பக்தாத் பதிவிலும் கடைப்பிடிக்கவேண்டும்: மொத்தத்துக்கும் ஒரே தீர்ப்பு கூடாது. முதல் சூடு, வேன், கட்டடம் என்று மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். முதல் சூட்டில், கூட்டத்தில் ஆயுதம் இருந்தது என்று அமெரிக்க ராணுவ விசாரணை சொன்னது, விமானிகள் விதிகளுக்கு உட்பட்டே நடந்தார்கள் என்றும் முடிவு செய்தது. படத்தைப் பொறுமையாகப் பார்த்தால் அந்தத் தவறு புரியக்கூடிய தவறு என்ற வாதத்துக்கு இடம் இருக்கிறது. வேன் அப்படி இல்லை. தரையில் ஊர்ந்த சயீத் ஓர் ஆயுதத்தைக் கையில் எடுக்கமாட்டாரா என்று சுடும் ஆள் ஏங்குவது பதிவில் கேட்கிறது. ஆயுதம் இல்லாதவரைச் சுடக்கூடாது என்ற விதி சுடும் ஆளுக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அடுத்து, ஆயுதம் ஏதும் தெரியாத ஆட்கள் காயம்பட்டவரைத் தூக்குகிறார்கள், சுட அனுமதி கேட்கப்படுகிறது, கிடைக்கிறது. குழந்தைகள் உள்ளே இருந்தது நமக்குப் பின்னால் தெரிந்தது, அது ஐந்தாம் பத்தி. காயம்பட்டவரைத் தூக்குவது கண்ணெதிரே தெரிந்தது, அது இரண்டாம் பத்தி. காயம்பட்டோரைக் கவனித்ததற்காக யாரையும் துன்புறுத்தக்கூடாது என்கிறது 1949ஆம் ஆண்டின் முதல் ஜெனீவா உடன்படிக்கையின் 18ஆம் பிரிவு. அமெரிக்கா கையெழுத்திட்டு ஏற்றுக்கொண்ட உடன்படிக்கை அது. எங்கள் கணிப்பில் இந்தப் பதிவில் மன்னிக்க இடம் இல்லாத இடம் வேன்தான். அனுமதி கொடுத்தவரும் அதில் பங்காளி, ஆனால் அவர் படத்தில் இல்லை. துப்பாக்கிக் கேமரா சுடுகிறவனின் பார்வையை மட்டும்தான் பதியும்.

கட்டடப் பகுதியில், ஏவுகணை வரும் நேரத்தில் ஒருவர் சாலையோரம் நடந்துபோவது தெரிகிறது. இயல்பு வேகத்திலேயே தெரிகிறது. அதைப்பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை, 17 நிமிடப் பதிப்பு பார்த்தவர்களுக்கு அவர் இருந்ததே தெரியாது.

நீண்ட நேரம் பார்த்தால் தப்பு நேராது என்று நினைப்பவர்கள் 2021 ஆகஸ்ட் 29 அன்று காபூலில் அமெரிக்க ராணுவம் நடத்திய ட்ரோன் தாக்குதலைப் பார்க்கவேண்டும். ஒரு வெள்ளைக் காரை மணிக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அதில் ஏற்றிய தண்ணீர்க் கேன்களை வெடிமருந்து என்று எடுத்துக்கொண்டார்கள். 10 பேர் செத்தார்கள், 7 பேர் குழந்தைகள். செப்டம்பர் 17இல் தவறு என்று ஒப்புக்கொண்டார்கள். முதல் மணி நேரத்தில் போட்ட பெயர், அடுத்த மணி நேரங்களில் பார்த்த எல்லாவற்றுக்கும் ஒட்டிக்கொண்டது.

குழுவாகப் பார்ப்பவர்களுக்குச் சில ஏற்பாடுகள். 18 வயதுக்குக் கீழே யாரும் வேண்டாம். முதல் பார்வை சிறிய சன்னலில், முழுத்திரையில் வேண்டாம். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து வெளியே போங்கள். ராத்திரி தூங்கும் முன் பார்க்காதீர்கள். துண்டு எடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள், அதில் சாகிறவர்களுக்குக் குடும்பம் இருக்கிறது.

பதிவைத் தொடும் முன் ஒரு நாள் பயிற்சி எடுங்கள். கிருஷ்ணகிரி சையத் பாஷா மலைமேல் இரண்டு பேர் ஏறட்டும், ட்ரோன் வேண்டாம், மலையே போதும். கீழே நகரத்தில், எர்த் ப்ரோ அளவுகோலில் ஒரு கிலோமீட்டர் வரும் ஒரு தெருவில், நாலு பேர் இயல்பாக நடக்கட்டும். ஒருவர் தோளில் கேமரா முக்காலிப் பை, ஒருவர் கையில் குடை, ஒருவரிடம் இரண்டடி பிவிசி குழாய், ஒருவர் வெறுங்கை. பொம்மைத் துப்பாக்கி எடுத்துப்போகாதீர்கள், வீண் வம்பு. மேலே இருப்பவர்கள் கைப்பேசியில் பெரிதாக்கி ஒரே ஓட்டமாக இரண்டு நிமிடம் எடுக்கட்டும். நடுநடுவே ஒருவர் மட்டும் ‘அது கம்பி, கம்பி’ என்று சொல்லிக்கொண்டிருக்கட்டும். யார் கையில் என்ன என்று ஆளுக்கொரு தாளில் எழுதி, மடித்துச் சட்டைப்பையில் வையுங்கள். பிறகு இறங்கி வந்து, பையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.